சுங்கைப்பட்டாணியில் மூன்று மாதத்துக்கு வீடு: எங்கே தேடுவது, எதை எழுதி வாங்குவது

கேள்வி சுருக்கமாக இதுதான். கிள்ளானில் இருக்கும் ஒரு தங்கச்சி வேலை விஷயமாக மூன்று மாதம் கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணிக்கு வருகிறார். பணியிடம் ஊரின் அமான்ஜெயா பகுதியில் உள்ள மருத்துவமனை. முட்டி வலியுள்ள அம்மாவும் கூட வருகிறார். சாமான் போட்ட அபார்ட்மெண்டு ஒன்று வேண்டும். நாள் வாடகைக்கு விடுகிறவர்களிடம் கேட்டால் மாதக் கணக்கு தலைசுற்ற வைக்கிறது. மாத வாடகைக்கு விடுகிறவர்களோ ஒரு வருடத்துக்குக் குறைந்து பேசவே மாட்டேன் என்கிறார்கள். நடுவில் எதுவும் கிடையாதா, வீட்டுக்காரரோடு சண்டை வந்தால் என்ன செய்வது என்று கேட்கிறார்.

இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் விளம்பரத்துக்கு வருவதில்லை, அபார்ட்மெண்டாகவும் இருப்பதில்லை. பினாங்குத் தீவிலோ கோலாலம்பூரிலோ தேடுகிற மாதிரி இங்கே தேடினால் கிடைக்காது. வெளியூருக்குப் போய்விட்ட உறவுக்காரர்கள், நண்பர்கள் சிலருடைய வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. நான் ஏஜெண்டு இல்லை. ஆனாலும் வீட்டுக்காரர் என்ன நினைக்கிறார், வாடகைக்கு வருகிறவர் எதில் ஏமாறுகிறார் என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டேன்.

முதலில், ஒரு வருடம் என்று ஏன் அடம்பிடிக்கிறார்கள்? வீட்டுக்காரருக்கு ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் செலவுதான். சுவருக்குச் சாயம், ஏர்கோன் சர்வீஸ், உடைந்த தாழ்ப்பாள், அப்புறம் அடுத்த ஆள் வரும்வரை காலியாகக் கிடக்கும் மாதங்கள். மூன்று மாத வாடகையில் ஒரு மாதம் இதற்கே போய்விடும். ஏஜெண்டுக்கும் இதில் ருசி கிடையாது. ஒரு வருட ஒப்பந்தம் முடித்துக் கொடுத்தால் வழக்கமாக ஒரு மாத வாடகை அளவுக்குக் கமிஷன் வரும். மூன்று மாதக் குடித்தனத்துக்கு எந்த வீட்டுக்காரரும் அவ்வளவு தரமாட்டார். ஆகவே ஏஜெண்டுக்கு நீங்கள் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திக்கு நீல டிக் விழும், பதில் வராது. அதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அபார்ட்மெண்டு வேண்டும் என்பதையும் கொஞ்சம் தளர்த்துங்கள். இந்த ஊர் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த ஊர். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, மரம் சாய்ந்த இடத்தில் தாமான் தாமானாக, அதாவது குடியிருப்புப் பேட்டைகளாக, வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீடுகள் எழுந்தன. நிலம் தாராளமாக இருந்ததால் மேலே அடுக்கிக் கட்ட வேண்டிய நெருக்கடி இங்கே நெடுங்காலம் வரவில்லை. இருக்கிற அடுக்குமாடிகளில் ஒரு பகுதி லிஃப்ட் இல்லாத மலிவுவிலை பிளாட்டுகள். அம்மாவின் முட்டிக்கு நான்காவது மாடி ஆகாது. புதிய கொண்டோக்கள் உண்டு, லிஃப்ட் உண்டு, காவலர் உண்டு. அங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது.

அடுக்குமாடிக் கட்டடத்தில் குறுகிய காலத்துக்கு விடலாமா கூடாதா என்பதை வீட்டுக்காரர் மட்டும் முடிவு செய்ய முடியாது. நிர்வாகக் குழு துணைவிதி போட்டுத் தடுக்கலாம். கோலாலம்பூர் மோண்ட் கியாராவில் உள்ள வெர்வ் சுவீட்ஸ் வழக்கில் 2020-இல் கூட்டரசு நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. அங்கே பிரச்சினை நாள் கணக்கில் விடுவது. ஆனால் அதற்குப் பிறகு பல குழுக்கள் தைரியமாக விதி எழுத ஆரம்பித்தன. சில இடங்களில் மூன்று மாத ஒப்பந்தத்தைக் கூட சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். கொண்டோ பிடித்திருந்தால், வீட்டுக்காரர் "ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்று சொன்னதோடு நிற்காதீர்கள். நிர்வாக அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள்: மூன்று மாதத்துக்குப் பதிவு செய்வீர்களா, நுழைவு அட்டை தருவீர்களா, வண்டிக்கு இடம் உண்டா? அட்டை தராமல் விட்டால் தினமும் காவலரிடம் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டியிருக்கும். அம்மா தனியாகக் கடைக்குப் போய்வரவே முடியாது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது தரைத்தள டெரஸ் வீடு. அமான்ஜெயாவிலேயே கிடைத்தால் மிக நல்லது. அரசாங்கத்தின் சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையும் தனியார் மருத்துவமனையும் அந்தப் பக்கம்தான். லெஞ்சோங்கான் தீமூர் சாலை காலையில் நெரியும். அதே பக்கம் குடியிருந்தால் அந்தத் தொல்லை இல்லை. பாக்கார் ஆராங் பக்கம் தொழிற்பேட்டை இருப்பதால் ஷிப்ட் வேலைக்காரர்கள் நிறைய. வாடகை வீட்டுக்குப் பஞ்சம் இல்லை, இரவில் சந்தடியும் உண்டு. நகரத்து மணிக்கூண்டு, ரயில் நிலையம் பக்கம் பழைய கடைவீடுகளின் மாடியில் அறைகள் கிடைக்கும். தனி ஆளுக்குச் சரி, அம்மாவோடு வேண்டாம். செமெலிங், பீடோங் பக்கம் 2001-இல் தொடங்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தை ஒட்டி மாணவர்களுக்கென்றே விடும் வீடுகள் ஏராளம். சாமான் போட்டது, சின்னக் காலத்துக்கு விட்டுப் பழகியது. ஆனால் அங்கிருந்து அமான்ஜெயாவுக்குத் தினமும் வண்டி ஓட்ட வேண்டும். விடியற்காலை ஷிப்டுக்கு அந்தப் பக்கம் கிராப் வாடகைக் கார் கிடைக்கும் என்று நம்பிக் கிளம்ப முடியாது. சொந்தக் கார் கொண்டு வருகிறீர்கள் என்றால் மட்டும் யோசியுங்கள்.

சரி, மூன்று மாதத்துக்குச் சம்மதிக்கிற வீட்டுக்காரர் யார்? இது தெரிந்துவிட்டால் பாதித் தேடல் முடிந்தது.

முதல் வகை, பூட்டிக் கிடக்கும் குடும்ப வீடு. இதுதான் இந்த ஊரின் உண்மையான கையிருப்பு. தோட்டத்தில் பால் வெட்டிய தலைமுறை, தொழிலாளர் வரிசை வீடான லயத்தை விட்டு வெளியே வரும்போது சேமநிதிப் பணத்தைப் போட்டு தாமானில் ஒரு வீடு வாங்கியது. பிள்ளைகள் படித்து பினாங்குக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். பெற்றவர்கள் காலமாகிவிட்டார்கள், அல்லது பிள்ளையோடு போய்விட்டார்கள். வீட்டை விற்க மனம் வராது. தீபாவளிக்கு எல்லாரும் கூடுவது அங்கேதான். கட்டில், பீரோ, அடுப்பு, சாமி மேடை எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். இப்படிப்பட்ட வீட்டுக்காரர் ஒரு வருடத்துக்கு விடவே மாட்டார், ஏனென்றால் தீபாவளிக்கு வீடு வேண்டும். அதே காரணத்தால் மூன்று மாதத்துக்கு விடுவார். எல்லாரும் மறுக்கிற அந்தக் குறுகிய காலம்தான் அவருக்குத் தோது. "காசு பெரிசு இல்ல தம்பி, வெளக்கேத்த ஒரு ஆள் இருந்தா போதும்" என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். காசு பெரிசு இல்லை என்று சொன்னாலும் வாடகை வாங்கத்தான் செய்வார்கள், அது வேறு விஷயம்.

இந்த வீடுகள் முடா, ஐபிலிக் போன்ற இணைய விளம்பரத் தளங்களில் வராது. கேட்டால்தான் தெரியும். யாரைக் கேட்பது? கோவில் நிர்வாகத்தில் இருப்பவர்கள், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், தாமானுக்குள் இருக்கும் மளிகைக் கடைக்காரர், காலையில் தோசை போடும் ஒட்டுக்கடை அக்கா. சரஸ்வதி தமிழ்ப்பள்ளியிலோ ஆறுமுகம் பிள்ளை தமிழ்ப்பள்ளியிலோ வேலை பார்க்கும் ஆசிரியர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமென்றால் அவரிடமிருந்து ஆரம்பியுங்கள். இங்கே ஆசிரியர்களுக்குத் தெரியாத குடும்பம் குறைவு. உங்கள் மருத்துவமனையில் நீங்கள் சேரப்போகும் பிரிவின் கிராணியையோ (குமாஸ்தா) மூத்த தாதியையோ இப்போதே தொலைபேசியில் பிடியுங்கள். மாற்றலாகி வந்துபோகும் தாதியர் கையிலிருந்து கைக்கு மாற்றிக்கொள்ளும் வீடுகள் எப்போதும் உண்டு. கேட்கும்போது "வீடு இருக்கா" என்று மட்டும் கேட்காதீர்கள். "நானும் அம்மாவும் மட்டும், மூன்று மாதம், இந்த மருத்துவமனையில் வேலை" என்று சேர்த்துச் சொல்லுங்கள். அம்மா கூட வருகிறார் என்பது உங்களுக்குப் பெரிய சாதகம். வயதான அம்மா இருக்கிற வீட்டில் கூத்து கும்மாளம் இருக்காது என்று வீட்டுக்காரருக்கு ஒரு நம்பிக்கை.

இரண்டாவது வகை, ஹோம்ஸ்டே. நம் ஊரில் இந்தப் பெயரில் நடப்பது பெரும்பாலும் முழு வீட்டை நாள் வாடகைக்கு விடுவதுதான். கல்யாணம், பட்டமளிப்பு விழா, பள்ளி விடுமுறை, நோன்புப் பெருநாள் என்றால் கூட்டம் மொய்க்கும். மற்ற வார நாட்களில் ஈ ஓட்டுவார்கள். ஆகவே செயலியில் தெரியும் நாள் வாடகையை முப்பதால் பெருக்கிப் பயப்படாதீர்கள். முகநூலில் அதே வீட்டின் பக்கத்தைத் தேடி உரிமையாளரிடம் மாதக் கணக்குக் கேளுங்கள். பாதிக்கும் கீழே இறங்குபவர்கள் உண்டு. ஒரு நிபந்தனை வரும்: "அந்த ரெண்டு வாரக்கடைசி மட்டும் புக்கிங் இருக்கு, காலி பண்ணிக் குடுங்க." அம்மாவையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு இரண்டு நாளுக்கு எங்கே போவீர்கள்? தேதிகளை முன்கூட்டியே கேட்டு, ஒத்துவராவிட்டால் வேறு வீடு பாருங்கள். மின்சாரம் வாடகைக்குள் அடக்கமா என்பதையும் கேளுங்கள். நாள் வாடகையில் அடக்கமாக இருந்தது மாத வாடகையில் தனியாகப் பிரியும்.

மூன்றாவது, விற்பனைக்குப் போட்ட வீடு. இதைப் பலர் யோசிப்பதில்லை. வீடு கைமாறுவதற்குப் பொதுவாக விற்பனை ஒப்பந்தத்திலிருந்து மூன்று மாதம், அதற்கு மேல் ஒரு மாத நீட்டிப்பு என்று தவணை வைப்பார்கள். வாங்குபவரே இன்னும் கிடைக்காத வீடு என்றால் அதற்கும் மேல். அந்த இடைவெளியில் குடிவைக்கச் சிலர் சம்மதிப்பார்கள். வாடகை மலிவாக இருக்கும். ஆனால் வார விடுமுறையென்றால் வீடு பார்க்க ஆள் வரும், சாமானும் அதிகம் இருக்காது. அம்மாவுக்குத் தொல்லை. உங்களுக்கு இது கடைசி வழி.

மாணவர்கள் விடுமுறைக்குப் போகும்போது அறையை மற்றவருக்கு விட்டுப் போவதும் உண்டு. அது வீட்டுக்காரருக்குத் தெரியாமல் நடந்தால் உங்களுக்கு எந்தப் பிடிமானமும் கிடையாது. விட்டுவிடுங்கள். அதேபோல் தோட்டத்து லயத்தில் வீடு காலியாக இருக்கிறது, சித்தப்பாவிடம் சொல்லி ஏற்பாடு செய்கிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். அந்த வீடு தோட்ட நிறுவனத்தின் சொத்து. வேலை பார்க்கிறவருக்கும் குடும்பத்துக்கும் தரப்படுவது. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புச் சட்டம் அதற்கென்றே இருக்கிறது. வெளியாளுக்கு வாடகைக்கு விட சித்தப்பாவுக்கு உரிமை இல்லை. விஷயம் தெரிந்தால் அவர் வேலைக்கே ஆபத்து.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. விளம்பரங்களில் "சீனர் மட்டும்", "மலாய்க்காரர் மட்டும்" என்று பார்ப்பீர்கள். எழுதாமலே, உங்கள் பெயரைக் கேட்டதும் "ஆள் வந்தாச்சு" என்று வைத்துவிடுபவர்களும் உண்டு. குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் கொண்டுவருவதாகப் பல ஆண்டுகளாகப் பேசுகிறார்கள். அது இன்னும் கைக்கு வராத நிலையில் இதைத் தட்டிக் கேட்க வழியில்லை. ஆகவே முதல் செய்தியிலேயே உங்கள் பெயர், வேலை, எத்தனை பேர், எத்தனை மாதம் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். பிடிக்காதவர் பதில் போடமாட்டார். கிள்ளானிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டி வந்து வாசலில் நின்று அதைக் கேட்பதைவிட இது மேல். அதே சமயம், எல்லாரும் அப்படி என்று நினைக்க வேண்டாம். நான் பார்த்தவரை மூன்று மாதத்துக்கு நியாயமாக விட்ட சீன வீட்டுக்காரர்களும் மலாய் வீட்டுக்காரர்களும் உண்டு; ஐந்து சென் குறைக்காத நம் ஆட்களும் உண்டு. வீட்டுக்காரர் யாராக இருந்தாலும் சமையல், சாமி கும்பிடுவது, சாம்பிராணி, சுவரில் ஆணி அடிப்பது ஆகியவற்றை முதலிலேயே பேசிவிடுங்கள். மலாய்க்காரர் வீட்டில் பன்றியிறைச்சி, மது, நாய் கூடாது. சில நம்மவர் வீட்டில் மாட்டிறைச்சி கூடாது. அம்மாவுக்குத் தினமும் விளக்கேற்ற ஒரு மூலை வேண்டுமென்றால் அதையும் கேட்டுவிடுங்கள்.

வீடு பார்க்க வரும்போது நாளைக் கவனியுங்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு வேலை நாள். கிள்ளானில் இருப்பவர்கள் இதை மறந்துவிட்டு சனிக்கிழமை வந்து, வங்கியும் அலுவலகமும் பூட்டிக் கிடப்பதைப் பார்த்து விழிப்பார்கள். சனிக்கிழமை வீடுகளைப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை காகித வேலையை முடியுங்கள். ரயிலில் வரலாம்; நிலையம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. பட்டர்வொர்த்துக்கும் பாடாங் பெசாருக்கும் நடுவே ஓடும் கொமுட்டரும் இங்கே நிற்கும். அங்கிருந்து கிராப் எடுத்துக்கொள்ளலாம்.

பகலில் ஒரு முறை பார்த்தால் போதாது. அந்தி சாய்ந்ததும் ஒரு முறை அதே தெருவில் நில்லுங்கள். ரப்பர் ஆலை எந்தத் திசையில் இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது அப்போதுதான் மூக்குக்குத் தெரியும். பழகியவர்களுக்கு அந்த வாடை உறைக்காது, புதிதாக வருபவருக்குச் சாப்பாடு இறங்காது. செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தை ஒட்டிய கடைசி வரிசை வீடுகள் குளிர்ச்சியாக இருக்கும், வாடகையும் கொஞ்சம் இறங்கும். கொசு, குரங்கு, எப்போதாவது பாம்பு ஆகியவையும் சேர்த்துத்தான் வரும். பின்பக்க வடிகாலில் தண்ணீர் தேங்கி நிற்கிறதா பாருங்கள், டிங்கி காய்ச்சலை நினைத்துச் சொல்கிறேன். பக்கத்து வீடு தொழிற்சாலை வாடகைக்கு எடுத்த தொழிலாளர் விடுதியா என்று கேளுங்கள். அவர்கள் கெட்டவர்கள் என்பதல்ல, இருபது பேர் ஷிப்டு மாறும் நேரத்தில் வேன் ஹாரன் அடிக்கும். அம்மாவுக்குத் தூக்கம் போய்விடும்.

தண்ணீர் இந்த ஊரில் தனிக்கதை. விநியோகம் சாடா நிறுவனத்தின் கையில். குழாய் உடைப்பு, பராமரிப்பு என்று அவ்வப்போது நிற்கும், மேட்டுப்பகுதிக்குத் திரும்பி வரத் தாமதமாகும். கூரையில் தொட்டி இருக்கிறதா, அது குளியலறைக்கு மட்டுமா சமையலறைக்கும் வருகிறதா என்று குழாயைத் திறந்து பாருங்கள். மேலே ஏறித் தொட்டியைப் பார்க்கச் சொன்னால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். பரவாயில்லை, சுளிக்கட்டும். நெடுநாள் பூட்டிக் கிடந்த வீடு என்றால் முதலில் தொட்டியைக் கழுவச் சொல்லுங்கள்.

இணையத்துக்கு வீட்டுக் கம்பி இணைப்பு எடுக்காதீர்கள். அவற்றின் ஒப்பந்தம் பெரும்பாலும் 24 மாதம். மூன்று மாதத்துக்குக் கைப்பேசித் தரவே போதும். எந்த நிறுவனத்தின் சிக்னல் வீட்டுக்குள் வருகிறது என்று மட்டும் நின்று பார்த்துவிடுங்கள்.

இப்போது காசு. ஒரு வருட ஒப்பந்தத்துக்கு வழக்கம், இரண்டு மாத வைப்புத்தொகை, அரை மாதம் தண்ணீர் மின்சாரத்துக்கு, அதோடு முதல் மாத வாடகை. மூன்று மாதக் குடித்தனத்துக்கு இதே கணக்கைக் கேட்டால் மறுத்துப் பேசுங்கள். மாதம் 800 வெள்ளி (ரிங்கிட்) வாடகையுள்ள வீட்டுக்கு 2,800 வெள்ளி முன்கூட்டியே கட்டுவதாகும், மொத்த வாடகையே 2,400 தான். ஒரு மாத வைப்பு, அரை மாதப் பயன்பாட்டு வைப்பு, முதல் மாத வாடகை என்பது இரண்டு பக்கத்துக்கும் நியாயம். அதாவது கையில் 2,000 வெள்ளி. மூன்று மாதத்தையும் மொத்தமாகக் கட்டினால் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். குறைப்பு எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் வேண்டாம். குழாய் ஒழுகினால் வந்து பார்க்க வைக்கும் ஒரே சக்தி அடுத்த மாத வாடகைதான்.

கட்டுவதற்கு முன் மூன்று சோதனை. வீடு அவருடையதுதானா என்று மதிப்பீட்டு வரி ரசீதையும் மின்சாரக் கட்டண ரசீதையும் காட்டச் சொல்லுங்கள். பெயரும் முகவரியும் அடையாள அட்டையோடு ஒத்துப்போக வேண்டும். அண்ணன் பெயரில் இருக்கும் வீட்டைத் தம்பி விடுகிறார் என்றால், அண்ணனிடமிருந்து ஒரு எழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். குடும்ப வீடுகளில் இது அடிக்கடி வரும், இரண்டாவது மாதத்தில் அண்ணன் வந்து நிற்பார். வங்கிக் கணக்கு எண்ணை, மோசடிப் புகார் உள்ள கணக்கா என்று காட்டும் போலீஸ் படையின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். ஏஜெண்டு என்று வருபவர் கழுத்தில் பதிவு எண்ணுள்ள அட்டை இருக்க வேண்டும், பேரம் பேசும் பிரதிநிதிக்கு அது சிவப்பு. எண்ணை, ஏஜெண்டுகளைப் பதிவு செய்யும் வாரியத்தின் தளத்தில் சரிபார்க்கலாம். வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே "புக்கிங் காசு" கேட்கிறவர் யாராக இருந்தாலும், படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், அது மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். கட்டிவிட்டு ஏமாந்தது தெரிந்தால் தாமதிக்காமல் 997-ஐ அழையுங்கள். மோசடிகளுக்கான தேசிய மையத்தின் எண் அது.

ஒப்பந்தம் எழுத வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். கோவில் தலைவர் சொல்லி வந்த வீடு, ஆசிரியர் அக்காவின் அத்தை வீடு. இதில் போய்க் காகிதமா, தப்பாக நினைத்துவிடுவார்களே என்று ஒரு தயக்கம். தெரிந்தவர் வீடு என்பதால்தான் எழுத வேண்டும். தெரியாதவரோடு சண்டை வந்தால் வைப்புத்தொகை மட்டும் போகும். தெரிந்தவரோடு வந்தால் நடுவில் நின்ற ஆசிரியர் அக்காவின் முகத்தில் எப்படி முழிப்பது? "என் மருத்துவமனையில் முகவரிச் சான்று கேட்கிறார்கள் ஆண்டி, அதுக்காக" என்று சொல்லிக் கேளுங்கள். யாருக்கும் மனம் நோகாது.

இரண்டு பக்கம் போதும். யார் யார், எந்த வீடு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாடகை எந்த நாளில், வைப்பு எவ்வளவு, காலி செய்து எத்தனை நாளில் திரும்பத் தருவார், எதற்கெல்லாம் கழிக்கலாம், நீட்டிக்க வேண்டுமென்றால் அதே வாடகையா, உங்கள் வேலை முன்கூட்டியே முடிந்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, தீபாவளிக்கு அவர்கள் வந்து தங்குவார்களா, ஏர்கோன் கெட்டால் யார் செலவு. வீட்டிலுள்ள சாமான் பட்டியல் பின்னிணைப்பாக. கடைசி மாத வாடகையை வைப்பில் கழித்துக்கொள்வதாகப் பேசினால் அதையும் எழுதுங்கள். வாயால் பேசியது அந்தக் கடைசி மாதத்தில்தான் இருவருக்கும் வேறு வேறாக ஞாபகம் வரும்.

எழுதியபின் முத்திரை வரி. கையெழுத்திட்ட 30 நாளுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் கட்ட வேண்டும், இணையத்திலேயே முடியும். ஒரு வருடம் அல்லது அதற்குக் குறைந்த ஒப்பந்தங்களுக்கு ஆண்டு வாடகையில் 250 வெள்ளிக்கு 1 வெள்ளி என்று கணக்கு. முன்பு முதல் 2,400 வெள்ளிக்கு விலக்கு இருந்தது, 2025 ஜனவரியிலிருந்து அது இல்லை. 800 வெள்ளி வாடகையை முழு ஆண்டுக்கு ஏற்றிப் பார்த்தாலும் 39 வெள்ளிதான். இரண்டாம் பிரதிக்கு 10 வெள்ளி. தாமதித்தால் தண்டமே குறைந்தது 50 வெள்ளி. 2026 முதல் வாடகை ஒப்பந்தங்களுக்கு வரியை நாமே மதிப்பிட்டுக் கட்டும் முறை வந்திருக்கிறது, ஆகவே கணக்கைச் சரியாகப் போடுங்கள். முத்திரையில்லாத ஒப்பந்தம் நீதிமன்றத்தில் சான்றாக நிற்காது. "எழுதினோமே" என்று பத்திரமாக வைத்திருந்த காகிதம் அன்றைக்கு வெறும் தாள்.

சண்டை வந்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். வீட்டுக்காரர் நினைத்த மாத்திரத்தில் பூட்டை மாற்றவோ சாமானை வெளியே வைக்கவோ முடியாது. 1950-ஆம் ஆண்டின் குறித்துரைத்த நிவாரணச் சட்டம் 7(2) பிரிவின்படி குடியிருப்பவரை வெளியேற்ற நீதிமன்ற ஆணை வேண்டும். மிரட்டினால் இதைச் சொல்லுங்கள், குரல் உயர்த்தாமல் சொல்லுங்கள். வைப்புத்தொகை திரும்பி வராவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை நடைமுறை இருக்கிறது, வழக்கறிஞர் தேவையில்லை. உண்மையில் அவ்வளவு தூரம் போகிற சண்டைகள் குறைவு. பெரும்பாலானவை மின்சாரக் கட்டணத்திலும் சுவர்க் கறையிலும் தொடங்கி அங்கேயே முடிகின்றன. சாவி வாங்கும் நாளில் மின்சார மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் படமெடுங்கள், ஒவ்வோர் அறையையும் காணொளி எடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவரும் பார்த்தார் என்பதற்கு அதுவே சாட்சி. வாடகையை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே அனுப்புங்கள், குறிப்பில் மாதத்தை எழுதுங்கள்.

சிங்கப்பூர் அல்லது இந்தியாவிலிருந்து உறவினர் வந்து ஹோட்டலிலோ செயலி வழியாகப் பதிவு செய்த வீட்டிலோ தங்கினால், வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி உண்டு. மலேசியருக்குக் கிடையாது. உங்கள் ஒப்பந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்தால் அது வேறு. ஆனால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

உங்களுக்கு நான் வைக்கும் வரிசை இது. முதலில் மருத்துவமனைக்குள் கேளுங்கள். கூடவே அமான்ஜெயா, பாக்கார் ஆராங் பக்கம் குடும்ப வீடு தேடச் சொல்லுங்கள். வேலை தொடங்க மூன்று வாரம் இருக்கும்போதும் எதுவும் அமையவில்லை என்றால், ஒரு ஹோம்ஸ்டேயை முதல் பத்து நாளுக்கு மட்டும் பிடித்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஊருக்குள் இருந்துகொண்டு தேடும்போது, வெளியூரிலிருந்து கேட்கையில் "இல்லை" என்றவர்களே "நேத்துதான் ஒருத்தர் சொன்னார்" என்பார்கள். அந்தப் பத்து நாளுக்கு அம்மாவைக் கிள்ளானிலேயே விட்டுவிட்டு, வீடு அமைந்தபின் அழைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். கார் உண்டா, அம்மா இந்தியக் கழிப்பறையில் உட்கார முடியாதவரா, இந்த இரண்டையும் எழுதினால் எந்தத் தாமான் என்று இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும். பழைய குடும்ப வீடுகள் பலவற்றில் உட்காரும் கழிப்பறை ஒன்றுகூட இருக்காது.